சாலையோரம் நின்றவர்மீது கார் மோதினால் ஓட்டுநரின் கவனக்குறைவை எப்படி நிரூபிப்பது?

பழுதான காரை ஓரங்கட்டிவிட்டு அதன் அருகே நின்றிருந்தபோது, பின்னால் வந்த கார் மோதிக் கால் எலும்பு முறிந்துவிட்டது என்கிறீர்கள். ஓட்டுநரோ நீங்கள் திடீரென்று சாலைக்குள் வந்ததாகச் சாதிக்கிறார்.

காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பில் இத்தகைய கோப்புகளை வெகுகாலம் படித்தவன் நான். அந்த ஓட்டுநர் எவ்வளவு பொறுப்பில்லாதவர் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பாதீர்கள். அதை யாரும் படிப்பதில்லை. கவனமுள்ள ஒருவர் அந்த இடத்தில் எப்படி ஓட்டியிருப்பார், இவர் எப்படி ஓட்டினார் என்பதுதான் வழக்கு. ஓட்டப் பழகுகிறவருக்குக்கூட இந்த அளவுகோல் தளராது என்று 1971இல் நெட்டில்ஷிப் எதிர் வெஸ்டன் வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் விஷயத்தில் எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: மோதும்போது நீங்கள் சாலையின் ஓரக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தீர்கள்? இதற்குத் தரைதான் முதல் சாட்சி. உடைந்த விளக்கின் சில்லுகள் கார் போன திசையில் சிதறும். அந்தச் சிதறல் கோட்டுக்கு வெளியே, மண்ணில் தொடங்கியிருந்தால் அவர் கதை ஆட்டம் காணும். கோட்டைத் தாண்டிய டயர் தடமும், நின்றிருந்த உங்கள் காரில் விழுந்த கீறலும் அப்படியே. டயர் தேய்ந்த தடம் இல்லை என்பதை மட்டும் வைத்து 'பிரேக்கே போடவில்லை' என்று வாதிட வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள கார்கள் தெளிவான தடம் விடுவது குறைவு.

அடுத்து, அவருக்கு இருந்த நேரம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். சாலை நேராக இருந்து 100 மீட்டர் தொலைவிலேயே உங்கள் கார் கண்ணில் பட்டிருக்குமானால், வேகத்தைக் குறைக்கவோ விலகவோ அவருக்கு 7 விநாடி இருந்தது. நின்றுபோன காரின் பக்கத்தில் ஆள் இருப்பார் என்பதை எதிர்பார்க்க அதுவே தாராளம். ஆகவே அவர் வந்த திசையில் 100 மீட்டர் பின்னால் போய், அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் யாரையாவது படம் எடுத்துவரச் சொல்லுங்கள்.

பக்கத்துக் கட்டடங்களின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்து, மேலே புதிய பதிவு ஏறிவிடும். புதிய கார்கள் பலவற்றில் மோதலுக்கு முந்தைய சுமார் 5 விநாடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் குறித்துவைக்கும் கருவி இருக்கிறது. மனிதர்மேல் படும் மெல்லிய மோதலில் அது விழித்துக்கொள்ளாமலும் போகலாம். இருந்தாலும், காரைப் பழுதுபார்ப்பதற்குள் அந்தப் பதிவையும், அவருடைய கைபேசி அழைப்பு விவரத்தையும் பாதுகாக்கும்படி வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் மருத்துவமனை. வலியில் துடிக்கும்போது கூட வந்தவர் 'ரோட்டில் விழுந்துவிட்டார்' என்று சொல்லியிருப்பார். அவசரப் பிரிவில் அதுவே எழுத்தில் ஏறிவிடும். எதிர்த்தரப்பு முதலில் புரட்டும் தாள் அதுதான். (நாங்களும் அதைத்தான் புரட்டினோம்.) உங்கள் முதல் குறிப்பின் நகலை வாங்கிப் படியுங்கள். தவறாக இருந்தால் திருத்தக் கோரி இப்போதே மனுக் கொடுங்கள்.

குற்ற வழக்கில் அவர் விடுதலையானாலும் மனம் தளர வேண்டியதில்லை. பல நாடுகளில் இழப்பீட்டு வழக்குக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. உங்கள் தரப்பு நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

உங்கள் தவறு என்று எதையாவது காட்டவும் முயல்வார்கள்: எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, முக்கோணப் பலகை வைக்கவில்லை, இருட்டில் கறுப்பு உடை. பெரும்பாலான இடங்களில் இதனால் தொகை அந்த விகிதத்துக்குக் குறையும். அமெரிக்காவின் மேரிலாந்து, வர்ஜீனியா போன்ற சில மாநிலங்களிலோ சிறு தவறுகூட முழு இழப்பீட்டையும் பறித்துவிடலாம். அதனால் விபத்து நடந்த உடனே யாராவது எடுத்த படங்களில் உங்கள் கார் விளக்கு மின்னுவது தெரிகிறதா என்று தேடுங்கள்.