ஒட்டோமான் பேரரசு இத்தனை சீர்திருத்தம் செய்தும் பால்கன் மக்கள் ஏன் பிரிந்து போனார்கள்? புதிய நாடுகள் அவர்களை இன்னும் நன்றாக நடத்தினவா?

இரண்டு கேள்விகளுமே நல்ல கேள்விகள். பால்கன் முழுவதையும் ஒரே பதிலில் அடக்கினால் மேம்போக்காகப் போய்விடும் என்பதால் பல்கேரியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிரேக்கர்களும் செர்பியர்களும் பெரிய சீர்திருத்தங்களுக்கு முன்பே ஆயுதம் எடுத்துவிட்டார்கள். சீர்திருத்தக் காலம் முழுவதையும் சுல்தானின் குடிகளாகவே வாழ்ந்து பார்த்தவர்கள் பல்கேரியர்கள்தான். வேலை காரணமாகச் சில ஆண்டுகள் சோபியாவில் குடியிருந்தபோது இந்த வரலாற்றில் எனக்கு ஈடுபாடு வந்தது. அதன்பின் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுல்தானின் அரசு சமத்துவத்தை அறிவித்தது. அறிவித்ததைத் தட்டிக் கேட்டு வாங்கும் உரிமையை மட்டும் யாருக்கும் தரவில்லை, துருக்கியருக்கும் கூடத் தரவில்லை. தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளும் பழக்கத்தைப் பல்கேரியர்கள் பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் கற்றுக்கொண்டார்கள். அந்த இரண்டுக்கும் இடம் கொடுத்தது அதே பேரரசுதான்.

1839 நவம்பர் 3 அன்று இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையை ஒட்டிய குல்ஹானே தோட்டத்தில், வெளிநாட்டுத் தூதர்கள் முன்னிலையில், வெளியுறவு அமைச்சர் முஸ்தபா ரெஷித் பாஷா ஓர் ஆணையை வாசித்தார். சுல்தான் அப்துல்மெஜிதுக்கு அப்போது வயது 16. சில மாதங்களுக்கு முன்புதான் எகிப்தின் ஆளுநர் முகமது அலியின் படை நெசிப் என்ற இடத்தில் சுல்தானின் படையை நொறுக்கியிருந்தது. ஐரோப்பாவின் தயவு தேவைப்பட்ட நேரம் அது. உயிர், மானம், சொத்து ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு, ஒழுங்கான வரி, முறையான ராணுவச் சேவை என்று ஆணை உறுதி கூறியது. ஐரோப்பாவுக்குக் காட்டுவதற்காக மட்டும் எழுதப்பட்டது என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ரெஷித் பாஷாவும் அவருக்குப் பின் வந்தவர்களும் அரசைக் காப்பாற்ற உண்மையாகவே பாடுபட்டார்கள்.

ஆனால் ஊரில் நடந்தது வேறு. அதுவரை ஒரு வட்டாரத்தின் வரியை ஏலம் எடுத்தவர், கொடுத்த பணத்துக்கு மேல் குடியானவனிடம் கறந்துகொள்ளலாம். இந்தக் குத்தகை முறையை ஒழித்து, சம்பளம் வாங்கும் வசூல் அதிகாரிகளை 1840-இல் அனுப்பினார்கள். அவர்களுக்கு ஊர் தெரியாது, கணக்கும் கிடைக்கவில்லை. வருவாய் விழுந்தது. இரண்டு ஆண்டுகள் போவதற்குள் பழைய குத்தகைக்காரர்களே திரும்பி வந்தார்கள். கூலியில்லாத கட்டாய வேலை ஒழிந்தது என்று அறிவித்த பிறகும் விதின் பகுதியில் நிலமெல்லாம் ஆகாக்கள் எனப்பட்ட முஸ்லிம் நிலவுடைமையாளர்களிடமே இருந்தது. 1850-இல் அங்கே குடியானவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆகாக்கள் சார்பில் இறங்கிய ஒழுங்கற்ற படை அவர்களை வெட்டிச் சாய்த்தது. குறை உண்மைதான் என்று தலைநகருக்குத் தெரிந்திருந்தது. ஆகாக்களைப் பகைத்துக்கொள்ளும் துணிவுதான் அதற்கு இல்லை.

கிரிமியப் போர் முடியும் தறுவாயில், 1856 பிப்ரவரியில் இரண்டாவது பெரிய ஆணை வந்தது. முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்ற வேறுபாடு வரியிலும் பதவியிலும் நீதிமன்றத்திலும் இனி இல்லை என்றது. இதில் எவருக்கும் நிறைவில்லை. முன்னோர் ரத்தம் சிந்திப் பெற்ற மேலிடம் போய்விட்டதே என்று முஸ்லிம்கள் நொந்துகொண்டதையும், தங்களை யூதர்களோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்களே என்று கிரேக்கர்கள் சிலர் முணுமுணுத்ததையும் அக்கால அரசியல் அறிஞர் ஜெவ்தெத் பாஷா எழுதி வைத்திருக்கிறார். ராணுவ விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். சமத்துவம் என்றால் கிறிஸ்தவரும் படையில் சேர வேண்டும். அவர்களுக்கு அதில் விருப்பமில்லை. அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்க அரசுக்கும் மனமில்லை. பழைய தலைவரி ரத்தாகி, அதன் இடத்தில் படைவிலக்கு வரி வந்தது. பெயர் மாறியது, கட்டியவர்கள் மாறவில்லை. ஒரே படைவீட்டில் உண்டு உறங்கி ஒரே நாட்டவர் என்று பழகும் வாய்ப்பு அங்கேயே போயிற்று.

இந்தக் கதையின் மிக முக்கியமான மனிதர் மிதாத் பாஷா. 1864-இல் புதிய மாகாணச் சட்டம் வந்தபோது, அதற்கு முன்மாதிரியாக உருவான டான்யூப் மாகாணத்துக்கு அவரை ஆளுநராக அனுப்பினார்கள். தலைநகரம் இன்றைய ரூசே. நான்கே ஆண்டுகளில் அவர் செய்த வேலை மலைப்பைத் தருகிறது. சாலைகள், பாலங்கள், துருக்கியிலும் பல்கேரிய மொழியிலும் ஒன்றாக அச்சான செய்தித்தாள், ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி, ஆலோசனை மன்றங்களில் கிறிஸ்தவ உறுப்பினர்கள் என்று பட்டியல் நீளும். பல்கேரிய மண்ணின் முதல் ரயில் பாதை, ரூசேயிலிருந்து கருங்கடல் துறைமுகமான வார்னாவுக்கு, அவர் காலத்தில்தான் 1866-இல் திறக்கப்பட்டது.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அவருடைய விவசாயக் கடன் நிதி. நிஷ் பகுதியில் ஆளுநராக இருந்தபோதே, 1863-இல் பிரோத் ஊரில் அதைத் தொடங்கிவிட்டார். ஊரார் சேர்ந்து ஒரு நிலத்தைப் பயிரிட்டு, விளைச்சலை விற்ற பணத்தை மூலதனமாகப் போட வேண்டும். அதிலிருந்து மாதம் 1 சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கும். கந்துவட்டிக்காரனிடம் சிக்கியிருந்த குடியானவனுக்கு அது பெரிய விடுதலை. இன்றைய துருக்கியின் ஜிராத் வங்கி தன் பிறப்பை அந்த நிதியிலிருந்துதான் கணக்கிடுகிறது.

அதே மிதாத் பாஷா, டான்யூபைத் தாண்டி ருமேனியாவிலிருந்து வந்த புரட்சிக் குழுக்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் தூக்கிலிட்டார். முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்றும் விரும்பினார். நல்ல எண்ணம்தான். பல்கேரியர்கள் மறுத்துவிட்டார்கள், ஏனென்றால் அதற்குள் அவர்களுக்குச் சொந்தப் பள்ளிகள் இருந்தன.

அந்தப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர் தானாக உள்ளே வருகிறது. ஒடெஸாவில் வணிகம் செய்த வசில் அப்ரிலோவ் பணம் திரட்டி, 1835-இல் கப்ரோவோ என்ற மலையூரில் பல்கேரிய மொழிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். ஆசிரியர்களுக்குப் பஞ்சம். அதனால் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தரும் முறையைக் கையாண்டார்கள். ஐரோப்பாவில் அந்த முறையைப் பரப்பியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை நடத்தியவர். இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத்தான் அவர் அதை உருவாக்கினார். மதராஸ் முறை என்றே அதற்குப் பெயர். கப்ரோவோவின் கல்வி அருங்காட்சியகத்தில் அக்கால வகுப்பறையை அமைத்து வைத்திருக்கிறார்கள். முன்வரிசையில் விளிம்பு கட்டிய தாழ்வான மேசை, அதில் மெல்லிய மணல். சின்னப் பிள்ளைகள் அதில் எழுத்தைக் கீறுவார்கள், சட்டாம்பிள்ளை பார்த்த பிறகு தட்டையான பலகையால் அழித்துவிடுவார்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் அரிச்சுவடி எழுதிய என் தாத்தாவுக்கு அந்த மேசையைப் பார்த்ததும் புரிந்திருக்கும்.

பள்ளிக்குச் செலவு செய்தது அரசல்ல. ஊர்க்காரர்களே வரி போட்டுக்கொண்டார்கள், குழு அமைத்தார்கள், ஆசிரியரை நியமித்தார்கள், பிடிக்காவிட்டால் நீக்கினார்கள். 1856 முதல் ஊருக்கு ஊர் படிப்பகங்கள் எழுந்தன. செய்தித்தாள் வாசிப்பது, நாடகம் போடுவது, பெண்கள் கூடுவது எல்லாம் அங்கேதான். ஒரு நாட்டை நடத்தத் தேவையான பயிற்சி முழுவதும் இதில் இருக்கிறது.

தேவாலயப் போராட்டம் இதைவிடப் பெரியது. பல்கேரியர்கள் கிரேக்க மதத்தலைவரின் ஆட்சியின்கீழ் இருந்தார்கள். ஆயர்கள் பெரும்பாலும் கிரேக்கர்கள். 1860 ஈஸ்டர் ஞாயிறன்று, இஸ்தான்புல்லின் பல்கேரிய தேவாலயத்தில் ஆயர் இலாரியோன் மகாரியோபோல்ஸ்கி வழிபாட்டில் அந்தத் தலைவரின் பெயரைச் சொல்லாமல் விட்டார். அந்த ஒரு பெயரை விட்டதிலிருந்து பத்தாண்டு இழுபறி. கடைசியில் 1870-இல் சுல்தான் தனிப் பல்கேரியத் திருச்சபைக்கு ஆணை கொடுத்தார். எந்த மறைமாவட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் விரும்பினால் அதில் சேரலாம் என்ற விதியும் அதில் இருந்தது. கிரேக்கரையும் பல்கேரியரையும் மோதவிட்டால் தனக்கு நல்லது என்று அரசு கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் பல்கேரியர் யார், எங்கே வாழ்கிறார்கள் என்று ஊர் ஊராக மக்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வழியை அரசே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது.

பிரிவினை அப்போதே உறுதியாகிவிட்டதா? இல்லை என்பதே என் எண்ணம். 1867-இல் ஆஸ்திரியப் பேரரசு ஹங்கேரியோடு சமரசம் செய்து இரட்டை முடியரசாக மாறியது. அதே ஆண்டு புகாரெஸ்ட்டில் இயங்கிய பல்கேரிய ரகசியக் குழு ஒன்று சுல்தானுக்கு ஒரு மனு எழுதியது. எங்களுக்குச் சொந்த நாடாளுமன்றமும் அரசியல் சட்டமும் தாருங்கள், நீங்களே பல்கேரியர்களின் மன்னராகவும் இருங்கள் என்று கேட்டது. பதில் வரவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்த மனுதான். தனிமனிதருக்குச் சமத்துவம் தரத் தயாராக இருந்தவர்கள், ஒரு சமூகம் தன் பெயரில் மேசைக்கு வந்து உட்காருவதைக் கற்பனைகூடச் செய்யவில்லை.

அதன்பின் களம் வசில் லெவ்ஸ்கி போன்றவர்களின் கைக்குப் போனது. மடத்தில் துறவியாக இருந்து வெளியேறியவர் அவர். ஊர் ஊராக நடந்து ரகசியக் குழுக்களைக் கட்டினார். தாம் காண விரும்பும் குடியரசில் பல்கேரியரும் துருக்கியரும் யூதரும் சரிசமமாக வாழ்வார்கள் என்று எழுதிய அவரை 1873-இல் சோபியாவில் தூக்கிலிட்டார்கள்.

1876 வசந்தத்தில் எழுச்சி வெடித்தது. செர்ரி மரத்தைக் குடைந்து பீரங்கி செய்தார்கள். ராணுவக் கணக்கில் அது கைகூடாத முயற்சி. அடக்கவந்த ஒழுங்கற்ற படையினர் பதாக் ஊரில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். மக்கள் அடைக்கலம் புகுந்த தேவாலயம் இன்று அருங்காட்சியகம். எலும்புகள் இன்னும் அங்கே இருக்கின்றன. உள்ளே போனால் நெடுநேரம் பேச்சு வராது. அமெரிக்கச் செய்தியாளர் மெக்கஹானும் தூதரக அதிகாரி ஷைலரும் நேரில் போய்ப் பார்த்து எழுதியதால் ஐரோப்பா கொந்தளித்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 23 அன்று, பல்கேரியாவின் தலைவிதியைப் பேச ஐரோப்பிய வல்லரசுகள் இஸ்தான்புல்லில் கூடியிருந்தபோது, வெளியே பீரங்கிகள் முழங்கின. பேரரசுக்கு அரசியல் சட்டம் வந்துவிட்டது, இனி உங்கள் மாநாடு தேவையில்லை என்றது ஒட்டோமான் தரப்பு. அந்தச் சட்டத்தின் தந்தை, அப்போது தலைமை அமைச்சராக இருந்த மிதாத் பாஷா. ஆபத்தானவர் என்று கருதும் எவரையும் நாடுகடத்த 113-ஆம் பிரிவு சுல்தானுக்கு அதிகாரம் தந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே பிரிவின்கீழ் மிதாத்தையே கப்பலேற்றினார் புதிய சுல்தான் அப்துல்ஹமீது. பின்னர் திரும்பி வந்தவரை விசாரித்துத் தண்டித்து, 1884-இல் தாயிஃப் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

அந்தச் சட்டப்படி கூடிய நாடாளுமன்றம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. துருக்கியரும் அரபியரும் ஆர்மீனியரும் அமர்ந்து அமைச்சர்களைக் கேள்வி கேட்டார்கள். ரஷ்யாவிடம் போரில் தோற்ற பிறகு, 1878 பிப்ரவரியில், எங்கள் கருத்தைக் காலம் கடந்து கேட்கிறீர்களே என்று இஸ்தான்புல் தொழிற்குழு ஒன்றைச் சேர்ந்த உறுப்பினர் சுல்தானின் முகத்துக்கு நேரே சொன்னார். அவை கலைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கூடவில்லை. 1908-இல் இளந்துருக்கியர் புரட்சி அதை மீட்டபோது, ரஷ்யப் போருக்குப் பின் சுல்தானின் பெயரளவு மேலாட்சியில் தன்னாட்சி பெற்றிருந்த பல்கேரியா சில மாதங்களில் முழு விடுதலையை அறிவித்துவிட்டது. இனி யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தொடக்கம் நன்றாக இருந்தது. 1879-இல் தர்னோவோ நகரில் எழுதிய அரசியல் சட்டம் வயது வந்த ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்தது. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் அப்போது அது இல்லை. பள்ளிக் குழுக்களிலும் திருச்சபைத் தேர்தல்களிலும் பழகியவர்களுக்கு அது புதிதாகத் தோன்றியிருக்காது. ஆனால் அதற்கு முந்தைய ரஷ்யப் போரின்போது லட்சக்கணக்கான முஸ்லிம்கள் உயிருக்கு அஞ்சித் தெற்கே ஓடினார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். பதாக்கைப் பற்றி எழுதிய அளவுக்கு ஐரோப்பா இவர்களைப் பற்றி எழுதவில்லை.

மிச்சமிருந்த துருக்கியர்களுக்கு நூறு ஆண்டுகள் கழித்து நேர்ந்ததுதான் உங்கள் கேள்விக்கான கசப்பான பதில். 1984 குளிர்காலத்தில் கம்யூனிஸ்ட் அரசு ஊர்களைச் சுற்றி வளைத்து, துருக்கியர் ஒவ்வொருவரையும் ஸ்லாவியப் பெயர் எழுதிய புதிய அடையாள அட்டையில் கையெழுத்திட வைத்தது. பொது இடத்தில் துருக்கி மொழி பேசத் தடை. 1989 கோடையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையில் கிடைத்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டினார்கள். தங்கள் மொழியில் ஒரு பள்ளிக்காகவும் தங்கள் மொழியில் ஒரு வழிபாட்டுக்காகவும் எழுந்த நாடு, அதையே அண்டை வீட்டாரிடமிருந்து பறித்தது. ஆட்சி மாறியபின் 1990-இல் பெயர்களைத் திரும்பப் பெற வழி செய்தார்கள். 2012-இல் பல்கேரிய நாடாளுமன்றம் அந்தக் கட்டாயப் பெயர்மாற்றத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றி, 1989 வெளியேற்றத்தை இனச் சுத்திகரிப்பு என்றே பதிவு செய்தது.