முப்பதில் இரண்டு போனால்

வணக்கம் சார்,

போர்க்காலப் பத்திரிகைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஐம்பதுக்கு மேற்பட்ட ஜெர்மன் டாங்குகளை எதிர்த்து நின்று, செத்து மாஸ்கோவைக் காத்ததாகச் சொல்லப்படும் பான்ஃபிலோவ் படையின் இருபத்தெட்டு வீரர்களை ‘தயாரிக்கப்பட்டவர்கள்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். சோவியத் வெளியீடுகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது வலிக்கும். அவர்கள் செத்தது பொய்யா? மேலிடத்தில் யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு இதைக் கட்டினார்கள் என்கிறீர்களா? நாடு பிழைக்குமா என்றிருந்த நேரத்தில் ஒரு கதை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் என்ன?

க., மதுரை

அன்புள்ள க.,

செத்தது பொய்யில்லை. இருபத்தெட்டைவிட மிக அதிகம் பேர் செத்தார்கள். உறுத்துகிற இடமே அதுதான். மேலிடத்துத் திட்டம் என்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்திருந்தால் இவ்வளவு ஓட்டைகளோடு செய்திருக்க மாட்டார்கள். இது ஒரு பத்திரிகை ஆபீசில் அவசரத்தில் போட்ட கழித்தல் கணக்கு.

1941 நவம்பர் 16. மாஸ்கோவுக்கு மேற்கே, வலகலாம்ஸ்க் பக்கத்தில் டுபோசெகோவோ என்ற சின்ன ரயில் நிறுத்தம். அந்தப் பகுதியில் நின்றது ஜெனரல் பான்ஃபிலோவின் 316ஆவது டிவிஷன். கசகஸ்தானின் அல்மா-அதாவில் திரட்டப்பட்டது. கசாக், கிர்கிஸ், ரஷ்ய, உக்ரைனிய ஆட்கள் கலந்திருந்தார்கள். அதில் 1075ஆவது ரெஜிமெண்ட், அதன் இரண்டாவது பட்டாலியன், அதன் நான்காவது கம்பெனி. ரெஜிமெண்ட் தளபதி கர்னல் கப்ரோவ் பின்னாளில் கொடுத்த வாக்குமூலப்படி, அன்று காலை அந்தக் கம்பெனியில் 120 முதல் 140 பேர் இருந்தார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ரெஜிமெண்ட் பின்வாங்கியது. அதற்காகக் கப்ரோவையும் அவருடைய கமிசாரையும் (படையோடு இருக்கும் அரசியல் அதிகாரி) பதவியிலிருந்து விலக்கிவைத்து, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இன்று சிலை நிற்கிற சண்டைக்கு அன்று கிடைத்த பரிசு அதுதான்.

ஒரு வாரம் கழித்து, ராணுவ நாளிதழான ‘செந்நட்சத்திர’த்தின் நிருபர் கொரதேயெவ் படைத் தலைமையகத்துக்குப் போகிறார். போர்முனைக்கு அல்ல. அங்கே டிவிஷன் கமிசார் ஒரு கம்பெனி 54 டாங்குகளை எதிர்த்து நின்றதாகச் சொல்கிறார். அவரும் அந்த இடத்தில் இருந்தவரில்லை. ஓர் அரசியல் பிரிவு அறிக்கையைக் காட்டுகிறார். அதில் கம்பெனி அழிந்தாலும் பின்வாங்கவில்லை என்றும், கையைத் தூக்கிய இரண்டு பேரைச் சக வீரர்களே சுட்டுவிட்டார்கள் என்றும் இருந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணோ ஒருவருடைய பெயரோ அதில் இல்லை.

நிருபர் மாஸ்கோ திரும்புகிறார். ஆசிரியர் ஓர்தென்பெர்க் கேட்கிறார்: கம்பெனியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? முழுக் கம்பெனியாக இருக்காது, முப்பது நாற்பது இருக்கலாம் என்கிறார் நிருபர். சரி, முப்பது. அதில் துரோகிகள் இரண்டு. முப்பதில் இரண்டு போனால் இருபத்தெட்டு. அவ்வளவுதான் சார், அந்த எண் பிறந்த கதை. இன்னொரு திருத்தமும் நடந்தது. இரண்டு துரோகிகள் என்றால் நன்றாக இருக்காது, ஒருவன் போதும் என்று ஆசிரியர் முடிவு செய்தார். ஆனால் கழித்த கணக்கை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. நவம்பர் 28 தலையங்கத்தில் 29 பேர் நின்றார்கள், ஒருவன் கோழை, மீதி 28 என்று வந்தது. எழுதியவர் கிரிவித்ஸ்கி, பத்திரிகையின் இலக்கியச் செயலாளர். தாக்குதலுக்கு வந்த டாங்குகள் ஐம்பதுக்கு மேல், அழிக்கப்பட்டவை பதினெட்டு என்று அவர் எழுதினார். கப்ரோவ் நினைவில் வந்தவை பத்துப் பன்னிரண்டு, வீழ்ந்தவை ஐந்தாறு.

எண் வந்துவிட்டது, பெயர்கள் இல்லை. பெயரில்லாத வீரனுக்குப் பதக்கம் கொடுக்க முடியாதே. அந்த இடத்தை ஜெர்மானியர்களிடமிருந்து மீட்ட பிறகு கிரிவித்ஸ்கி ரெஜிமெண்டுக்குப் போய் 28 பெயர் வேண்டும் என்கிறார். கம்பெனி கமாண்டர் கேப்டன் குந்திலோவிச் ஞாபகத்திலிருந்து பெயர்களைச் சொல்கிறார். வழக்கமாகச் சண்டை முடிந்ததும் ஆள் கணக்கு எடுப்பார்கள், அதிலிருந்துதான் செத்தவர் எத்தனை என்று தெரியும். இங்கே செத்தவர் எத்தனை என்பது முதலில் அச்சாகிவிட்டது. ஆட்களை அதற்குள் அடைத்தார்கள். 1942 ஜனவரி 22 இதழில் பட்டியல் வந்தது. ஜூலை 21 அன்று இருபத்தெட்டு பேருக்கும், இறந்தவர்களாகக் கருதி, சோவியத் ஒன்றிய வீரர் பட்டம்.

அடுத்தது கடைசி வாசகம். “ரஷ்யா பரந்தது, ஆனால் பின்வாங்க இடமில்லை, பின்னால் மாஸ்கோ” என்று அரசியல் அதிகாரி கிளோச்கோவ் சொன்னதாக வருமே, நீங்களும் படித்திருப்பீர்கள். எல்லோரும் செத்துவிட்டால் அதைக் கேட்டுவந்து சொன்னது யார்? அதற்கும் கதையில் ஓர் ஆள் உண்டு: நதாரோவ் என்ற வீரர், ஆஸ்பத்திரியில் உயிர்விடுமுன் சொன்னாராம். ரெஜிமெண்டின் ஆவணப்படி நதாரோவ் நவம்பர் 14 அன்றே, அதாவது சண்டைக்கு இரண்டு நாள் முன்பே, கொல்லப்பட்டவர். அந்த வாசகத்தை நானே எழுதினேன் என்று கிரிவித்ஸ்கி பின்னர் விசாரணையில் ஒப்புக்கொண்டார். நல்ல வாசகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதத் தெரிந்த ஆள்.

இதில் யாரையும் பெரிய பொய்யர் என்று கைகாட்ட முடியாது. கமிசார் கொஞ்சம், நிருபர் கொஞ்சம், ஆசிரியர் கொஞ்சம், கேப்டன் கொஞ்சம். ஒவ்வொருவரும் முந்தையவர் சரிபார்த்திருப்பார் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுப்புச் சொல்லக்கூடியவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள். சிக்கல், எல்லோரும் மண்ணுக்குள் இல்லை என்பதில் தொடங்கியது.

பட்டியலில் இருந்த டானியில் குஜெபெர்கேனோவ் 1942லேயே உயிரோடு அகப்பட்டார். கைது செய்து விசாரித்தார்கள். அவர் பெயரை எடுத்துவிட்டு அதே குடும்பப் பெயருள்ள அஸ்கர் என்ற இன்னொருவரைப் போட்டார்கள். அந்த அஸ்கர் டிவிஷனில் சேர்ந்ததே 1942 ஜனவரியில். நவம்பர் சண்டையில் இருந்திருக்க வழியில்லை. பிறகு வசில்யெவ், ஷெம்யாகின், ஷாத்ரின், திமஃபேயெவ் என்று ஒவ்வொருவராக உயிரோடு இருப்பது தெரியவந்தது. கடைசி அடி, இவான் தப்ரபாபின். ஜெர்மானியரிடம் பிடிபட்டு, தப்பி, கார்கவ் பக்கம் சொந்த ஊருக்குப் போய், அங்கே ஆக்கிரமிப்புப் போலீசில் வேலை பார்த்தவர். 1947இல் கைது செய்து வீட்டைச் சோதித்தபோது ஒரு புத்தகம் கிடைத்தது. 28 வீரர்களைப் பற்றிய புத்தகம், உள்ளே செத்துப்போன மாவீரராக அவர் பெயர்.

அதன் பிறகுதான் ராணுவத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் தோண்டியது. கப்ரோவ், ஓர்தென்பெர்க், கிரிவித்ஸ்கி எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்கி, 1948 மே 10 தேதியிட்ட அறிக்கை மேலே போனது. மேலிடம் உள்ளே வருவது இங்கேதான்: கட்டுவதற்கு அல்ல, மூடுவதற்கு. அறிக்கை ரகசியக் கோப்பில் அடங்கியது. தப்ரபாபினின் பட்டம் பறிபோனது, மற்றபடி கதை அப்படியே நின்றது. 1975இல் டுபோசெகோவோவில் ஆறு பிரம்மாண்டமான சிலைகள் எழுந்தன. ஆறும் ஆறு தேசிய இனங்களைக் குறிப்பவை. கலப்புப் படை என்பது இப்போது ‘மக்களின் நட்பு’க்குச் சாட்சி. 2015இல் ரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் அந்த அறிக்கையை இணையத்தில் வெளியிட்டது. இது தொடக்கூடாத புனிதக் கதை என்று பொங்கினார் கலாசார அமைச்சர் மெதின்ஸ்கி. காப்பக இயக்குநர் மிரனென்கோ 2016 மார்ச்சில் அந்தப் பதவியில் இல்லை. அதே ஆண்டு இருபத்தெட்டு பேரைப் பற்றிய படம் திரைக்கு வந்தது.

சர்வாதிகார நாட்டில்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பல மில்லியன் டாலர் அமெரிக்கக் கால்பந்து ஒப்பந்தத்தை விட்டுவிட்டு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த பாட் டில்மேன் 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் சொந்தப் படையின் குண்டுக்கே பலியானார். கூட இருந்தவர்களுக்கு உடனே தெரியும். அவருடைய சீருடையையும் கவச உடையையும் எரித்துவிட்டார்கள். எதிரியின் தாக்குதலில் வீழ்ந்தார் என்ற சாயலோடு எழுதிய குறிப்புடன், ஏப்ரல் மாதம் முடிவதற்குள் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. மே 3 அன்று தொலைக்காட்சியில் நினைவுக்கூட்டம். குடும்பத்துக்கு உண்மையைச் சொன்னது மே கடைசியில். அவசரம், பெயர்பெற்ற பிணம், சரிபார்க்காத காகிதம். மாஸ்கோவில் பார்த்த அதே சரக்கு.

கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். 1941இல் அந்தத் தலையங்கம் பதுங்குகுழியில் கிடந்தவனுக்குத் தெம்பு கொடுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் செலவு யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். உயிரோடு வந்தவன் சந்தேகத்துக்குரியவன் ஆனான். செத்த நூறு பேர், இருபத்தெட்டு என்ற சட்டகத்துக்கு வெளியே போனார்கள். நம் செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில், செத்த வீரனின் பெயரோடு அவன் பக்கத்தில் நின்ற நாயின் பெயரும் ‘கோவிவன்’ என்று வெட்டியிருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல். அங்கே கூடவே இருந்தவர்கள் கல்லை நட்டார்கள், நாய் பெயர்கூடத் தெரிந்திருந்தது.

இனி இப்படி ஒரு கதை உங்கள் முன்னால் வந்தால் கண்ணீர் விடுவதற்கு முன்பு தேதிகளைப் பாருங்கள். சண்டை எந்த நாள், எண் அச்சான நாள் எது, பெயர்கள் வந்த நாள் எது? எண் முந்தியும் பெயர் பிந்தியும் வந்திருந்தால் நடுவில் யாரோ கூட்டிக் கழித்திருக்கிறார்கள். கடைசி வார்த்தையைக் கேட்டவர் யார், அவர் அன்று எங்கே இருந்தார் என்றும் பாருங்கள்.

அந்த நூறு பேரைத் தேடிப் பார்க்க ஆசை இருந்தால், ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமோரியால்’ தரவுத்தளத்தில் அக்காலத்து இழப்புப் பட்டியல்களின் பிரதிகள் கிடக்கின்றன. குடும்பப் பெயர், பதவி, பிறந்த ஊர், இறந்த தேதி, கடைசிப் பத்தியில் மனைவி அல்லது தாயின் பெயரும் வீட்டு விலாசமும்.