சிம்ஸ் குடும்பத்துக்கு மொய் நோட்டு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு சிம்ஸ் 4 என்ற, ஆட்களை உருவாக்கிக் குடும்பம் நடத்தும் கணினி கேமில் ஒரே குடும்பத்தை ஒன்பதாவது தலைமுறை வரை இழுத்து வந்திருக்கிறேன். இத்தனை பேரின் கணக்கை நோட்டில் எப்படி வைக்கிறீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில்.

கோபி தம்பி: ஏனுங்கக்கா, கேமிலேயே குடும்ப மரம் இருக்குதே, தனியா எதுக்கு எழுதோணும்?

இருக்கு தம்பி. 2014 செப்டம்பரில் கேம் வந்தபோது அதுவும் இல்லை, 2015 ஜனவரி அப்டேட்டில்தான் கொடுத்தார்கள். ஆனால் யாருக்கு யார் பிள்ளை என்பதோடு மரத்தின் வேலை முடிந்தது, இரண்டாவது பையன் எதற்காக வீட்டைவிட்டுப் போனான் என்பதெல்லாம் அதில் ஏறாது. இன்னொன்று, ஊரில் ஆள் கூடிவிட்டால் கேம் தானாகவே சிலரைக் கழித்துக்கட்டும். என் மூன்றாம் தலைமுறையில் கட்டிக்கொடுத்துப்போன சின்னவளை இரண்டு தலைமுறை கழித்துத் தேடினால் ஆளே இல்லை. நோட்டில் மட்டும் "சின்னவள், தோட்டக்காரி, அண்ணனோடு பேச்சு இல்லை" என்று ஒரு வரி கிடந்தது. அன்றைக்குத்தான் எழுதிவைப்பதன் அருமை புரிந்தது.

பெருந்துறையிலிருந்து: அப்படி ஆள் காணாமல் போகாமல் தடுக்க வழி உண்டா?

முழுக்கத் தடுக்க முடியாது, குறைக்கலாம். வேண்டியவர்களின் குடும்பத்தை 'என் குடும்பங்கள்' பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், கேம் முதலில் கை வைப்பது மற்றவர்கள் மேல்தான். செத்தவர்களுடைய கல்லறைக் கல்லை விற்றுவிடாமல் வீட்டிலேயே வையுங்கள். அப்புறம், நாம் விளையாடாத வீடுகளில் தானாகவே பிள்ளை பிறப்பது, வேலை மாறுவது, வீடு மாறுவது எல்லாம் பக்கத்துவீட்டுக் கதைகள் என்ற அமைப்பால் நடப்பவை. கணக்கு வைப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி, நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய் அணைத்துவிட்டேன்.

காங்கேயம்: எங்க வீட்டில் தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்போம், கேமிலும் அப்படியே வைத்ததில் மூன்று பழனிச்சாமி ஆகிவிட்டது. எந்தப் பழனிச்சாமி யாரென்றே தெரியவில்லை!

பேரை நம்பாதீர்கள், எண் கொடுங்கள். வம்சாவளி எழுதுபவர்களிடம் டாபோவில் முறை என்று ஒன்று இருக்கிறது, 1940-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் வகுத்தது. முதல் ஆள் 1. அவருடைய பிள்ளைகள் பிறந்த வரிசையில் 1.1, 1.2. இரண்டாவது பிள்ளையின் மூன்றாவது குழந்தை 1.2.3. எண்ணைப் பார்த்தாலே எத்தனையாவது தலைமுறை, யார் வழி என்று தெரிந்துவிடும். மருமகள், மருமகனுக்குத் தனி எண் கிடையாது, துணையின் எண்ணோடு 'ம' என்று சேர்த்துக்கொள்வேன், அது என் வசதிக்கு.

ஒரு பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன், நானே விழுந்தது. எக்ஸெலில் 1.10 என்று அடித்தால் அது 1.1 ஆகிவிடும், பத்தாவது பிள்ளை மூத்தவனாகிவிடுவான். 1.2.3 என்று அடித்தால் சில கணினிகளில் தேதியாக மாறிவிடும். எழுத ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

தாராபுரம்: கடைசிப் பேர் கட்டத்தில் என்ன போடுவது? நமக்கு இனிஷியல்தானே.

தோட்டத்துப் பேரைப் போடுங்க. மேட்டுத்தோட்டம், கிணத்துக்காடு, இப்படி. மொய் நோட்டிலும் ஊரும் தோட்டமும் எழுதித்தானே ஆளை அடையாளம் வைக்கிறோம். பையன் தனி வீடு போனால் பழைய தோட்டத்துப் பேரே தொடரட்டும், புதுப் பேர் வைத்தால் கிளை எங்கே பிரிந்ததென்று மறந்துபோகும்.

பொள்ளாச்சி: மாமன் மகளைக் கட்டிவைக்கலாமென்று பார்த்தால் ரொமான்ஸ் பட்டனே வரமாட்டேங்குது, பக் ஆ?

பக் இல்லைங்க. கேமுக்கு அத்தை மகள், மாமன் மகள், சித்தப்பா மகள் எல்லாரும் ஒன்றுதான், முதல் வட்டத்து உறவுக்குள் காதலே கிடையாது. நம்ம ஊர் முறை அவர்களுக்குத் தெரியாது. அப்பாருவும் (அப்பாவின் அப்பா) அப்புச்சியும்கூட (அம்மாவின் அப்பா) அங்கே ஒரே சொல். அதனால்தான் என் நோட்டில் 'முறை' என்று ஒரு பத்தி தனியாக இருக்கிறது. அதில் நம் சொல்லிலேயே எழுதுவேன்: அம்மிச்சி, பெரியப்பன், கொழுந்தியா. எட்டாம் தலைமுறைப் பிள்ளைக்கு நாலாம் தலைமுறைக் கிழவி என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும் என்னை விட்டுவிடுங்கள்.

கரூர்: பிறந்த தேதியை எப்படி எழுதுவது? கேமில் வருஷமே இல்லையே.

2018-ல் வந்த 'சீசன்ஸ்' என்ற கூடுதல் பேக் இருந்தால் காலண்டர் உண்டு. ஒரு பருவம் ஏழு நாள், நாலு பருவம் சேர்த்து 28 நாள், அதை ஒரு வருஷமென்று வைத்துக்கொள்ளலாம். பருவத்தின் நீளத்தை நடுவில் மாற்றினால் பழைய கணக்கு அத்தனையும் குப்பை. சீசன்ஸ் இல்லாதவர்கள் தேதியை விட்டுவிடுங்கள், "தாத்தா செத்த மறுவாரம் பிறந்தான்" என்று எழுதினால் போதும், நம் ஆத்தாமார் அப்படித்தானே சொன்னார்கள்.

திருப்பூர்: கேம் கிராஷ் ஆகி ஆறு தலைமுறையும் போச்சு. ஏதாவது பண்ண முடியுமா?

முதலில் கேமை மூடுங்கள். டாக்குமெண்ட்ஸ், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், தி சிம்ஸ் 4, அதற்குள் சேவ்ஸ் ஃபோல்டர். அங்கே உங்கள் சேவ் ஃபைல் பேரின் கடைசியில் ver0 முதல் ver4 வரை ஒட்டிக்கொண்டு பழைய நகல்கள் கிடக்கும். கெட்டுப்போன ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, நகல் ஒன்றின் பேரிலிருந்து அந்த வாலை நீக்கித் திறந்து பாருங்கள். வந்துவிட்டால், அந்த ஃபோல்டரையே வாரம் ஒருமுறை பென் டிரைவில் போடும் பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள்.

பவானி அம்மிணி: எழுதியே நேரம் போயிடுதுக்கா, விளையாடவே முடியல.

அதிகமாக எழுதுகிறாய் கண்ணு. குணம், வேலை, திறமையெல்லாம் சி பட்டனை அமுக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் முடிந்தது. கேம் மறந்துபோவதை மட்டும் எழுது. அதுவும் நடந்த உடனே, மொய் வைத்தவர் சாப்பிடப் போவதற்குள் எழுதுகிற மாதிரி. ராத்திரிக்கு எழுதிக்கொள்ளலாமென்றால் எழுதவே மாட்டாய்.

நாமக்கல்: உங்க நோட்டில் ஒரு பக்கம் காட்டுங்களேன்.

போட்டோ வேண்டாம், எண்ணெய்க் கறை. அடித்துத் தருகிறேன், ஐந்தாம் தலைமுறை:

"1.2.1.3.1 மூத்தவள். மீன் பிடிப்பாள். கல்யாணத்தன்று கேக் எரிந்தது.
1.2.1.3.2 பையன். அப்பன் கல்லறையை விற்றான் (நான் சேவ் பண்ணாமல் வெளியே வந்தேன்).
1.2.1.3.3 கடைக்குட்டி. பேய்க்குப் பயம். பேயையே கட்டிக்கிட்டாள்."

அதற்குக் கீழே அம்மா பால் கணக்கு எழுதிவிட்டார்.