ஒரே திராட்சை, இரண்டு ஊர்

கேள்வி: பிரான்ஸிலிருந்து வந்த நண்பர் க்ரோஸ்-எர்மிதாஜ் ஒயின் ஒன்று கொடுத்தார். ‘சிரா’ திராட்சை என்றார். என்னிடம் ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸும் இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. ரகமே வேறாக இருக்கும்போது எப்படி ஒப்பிடுவது?

பதில்: ரகம் வேறல்ல. சிராவும் ஷிராஸும் ஒரே திராட்சைதான். ஷிராஸ் என்ற பெயரை வைத்து ஈரானிலிருந்து வந்தது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1990களின் இறுதியில் மரபணுவைப் பார்த்தபோது, துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களின் பிள்ளை என்று தெரிந்தது. 1832இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடித் துண்டுகளில் இதுவும் இருந்தது. திராட்சை ஒன்றாகவே இருப்பதால் உங்களுக்கு வசதி. நாக்கில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மண்ணும் வெயிலும் ஒயின் செய்தவர் கையும் கொடுத்தது.

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடி என்பார்கள். அது குளிர்நாட்டு அறை. நம் வீட்டு 30 டிகிரியில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைத்து, 16 முதல் 18 டிகிரியில் ஊற்றுங்கள். ஆளுக்கு ஒரே மாதிரி இரண்டு கிளாஸ், ஒவ்வொன்றிலும் 50 மில்லி போதும். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றிவிடுங்கள். லேபிள் தெரிந்தால் வாய் அதன்படிதான் பேசும்.

உடனே குடித்துவிடாதீர்கள். அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு மிளகை எடுத்து நசுக்கி முகர்ந்துவிட்டு, அப்புறம் இரண்டு கிளாஸையும் மாறி மாறி முகருங்கள். மிளகுக்கு அந்த வாசனையைக் கொடுக்கும் ரோட்டன்டோன் என்ற பொருளேதான் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். குளிர்ந்த இடத்தில் விளைந்த பழத்தில் இது கூடுதல். உங்கள் க்ரோஸ்-எர்மிதாஜ் விளைவது மிஸ்ட்ரல் என்ற குளிர்காற்று வீசும் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில். அதனால் அந்தக் கிளாஸில்தான் பெரும்பாலும் மிளகு தூக்கலாக வரும். உங்களில் ஒருவருக்கு அது தெரியவே இல்லையென்றால் கேலி செய்யாதீர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை எட்டாது.

பரோசா கிளாஸில் நன்றாகக் கனிந்த கரும்பழ வாசனை வரும். அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்தால் வெனிலாவும் தேங்காயும்கூடத் தெரியும். வெயிலில் பழத்தின் சர்க்கரை ஏறுகிறது, அதனால் ஆல்கஹாலும் ஏறுகிறது. பிரெஞ்சு பாட்டிலில் 13 சதவீதம் என்றால் இதில் 14.5 இருக்கும். விழுங்கியதும் தொண்டையில் அந்தச் சூட்டைக் கவனியுங்கள். தோன்றியதை ஒவ்வொருவரும் தனியாக எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்க வேண்டாம். ஒருவர் ‘தேங்காய்’ என்றுவிட்டால் நால்வருக்கும் தேங்காய்தான்.

அதுவரை வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். சாப்பாடு கடைசியில். காரமான கறி வறுவலோடு குடித்தால் ஆல்கஹாலின் சூடு இன்னும் எரியும், அங்கே எனக்குப் பிரெஞ்சுதான் பிடிக்கும். மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் மாலை இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள். முதல் நாள் வாசனை அதிகம் வெளிவராமல் இறுக்கமாக இருந்த ஒயின் பல நேரம் அன்றைக்குத்தான் மணக்கத் தொடங்கும்.