வேடியப்பன் கல்லைப் படிக்கப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: அரூர் வட்டத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு கல்லை வேடியப்பன் என்று கும்பிட்டு வருகிறோம். வில்லேந்திய வீரன் உருவமும், அதற்கு மேல் நான்கைந்து வரி எழுத்தும் இருக்கின்றன. அது அதியமானின் படைத்தலைவனுக்கு எடுத்த கல் என்று சொல்லும் ஒருவர், படித்து வரலாறு எழுதித் தர 15,000 ரூபாய் கேட்கிறார். திருவிழாவுக்குள் ஊரார் பார்க்கப் பலகை வைத்துவிடலாமா?

பதில்: பணம் கொடுக்க வேண்டாம். பலகையையும் இந்தத் திருவிழாவுக்குள் வைத்தே தீர வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் எண்ணெய்ப் பிசுக்கை மீறித் தெரிகிற எழுத்து, தமிழ்ப் பிராமிக்குப் பிந்தைய வட்டெழுத்து. சங்கப் பாடல்கள் போற்றும் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தில் இருக்கிறது. அவன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வெட்டிய கல்லில் அவனுடைய படைத்தலைவன் எப்படி வந்து நிற்பான்? சோழர் காலத்திலும் தகடூரில் (இன்றைய தருமபுரி) அதியமான் மரபினர் ஆண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால், ‘அதியமான்’ என்று சொல்லிப் பணம் கேட்கிறவர்களில் இந்த வேறுபாடு தெரிந்த ஒருவரைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை. நம் பக்கத்தில் பழைய கல் என்றால் அதியமான், பழைய கோட்டை என்றால் திப்பு சுல்தான் என்று முடித்துவிடுகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர், ஒய்சாளர் எல்லாம் இந்த மண்ணில் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்று கேட்பாரில்லை.

உங்கள் படத்தின் மூன்றாம் வரியில் ‘தொறு’ என்ற சொல்லும், கடைசி வரியில் ‘பட்டான்’ என்ற சொல்லும் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். ஆகவே, மாடுபிடிச் சண்டையில் செத்த ஒருவனுக்கு ஊரார் நட்ட கல் இது என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். வீரனின் காலருகே செதுக்கியிருக்கும் மூக்குள்ள சிறு பாத்திரம் கெண்டி. அது தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்களில் அடிக்கடி காணப்படுவதுதான். அதைப் ‘புதையல் குடம்’ என்று எவராவது சொன்னால் அவரை ஊர் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுங்கள். அந்தப் பேச்சை நம்பி இரவோடிரவாகக் கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டிய இடங்களைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நடுகல்லுக்கு அடியில் பொன் புதைக்கும் வழக்கம் இல்லை.

பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் காட்டியிருக்க மாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் இதே ‘தொறு’வைத் ‘தோறும்’ என்று படித்த ஒருவர், ‘ஊர்தோறும் வென்ற தளபதி’ என்று கருங்கல் பலகையில் பொறித்துக் கொடுத்து, அந்தத் தளபதியை ஒரு குறிப்பிட்ட சாதிக்கு முன்னோனாகவும் ஆக்கிவிட்டார். நான் தவறு என்று சொன்னபோது, பலகைக்குக் கொடுத்த காசு போய்விடுமே என்பதுதான் ஊரார் கவலையாக இருந்தது. சாதிப் பெருமை பேசும் ‘செப்பேட்டு நகல்’ கொண்டுவருகிறவர்களும் இந்த வகையினரே. மூலச் செப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள், மறுநாள் வர மாட்டார்கள்.

உங்கள் கல் ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கவும் கூடும். தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளில் வட்டம், ஊர் வாரியாகப் பாடம் கிடைக்கும். துறையின் பழைய வெளியீடுகள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தருமபுரி மாவட்டம் 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. எனவே, பழைய அறிக்கைகளைச் சேலம் மாவட்டத்தின் கீழ் தேடுங்கள். அச்சிட்டுத் தீர்ந்துபோன தொகுதியை மறுபதிப்புச் செய்யக் கேட்டால், அலுவலகத்துக்கு அலுவலகம் மனுவைத் தள்ளிவிடுவதற்கே ஓர் ஆண்டு ஓடிவிடுகிறது. கல்லைக் காக்க ஆளில்லாத நாட்டில் கோப்பைக் காக்க மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

கல்லை எக்காரணம் கொண்டும் இடம் மாற்றாதீர்கள். இதற்கு ஒரே விலக்கு, சாலை அகலப்படுத்தும் பணியிலோ ஏரி தூர்வாரும்போதோ இயந்திரம் கல்லருகே வந்துவிடுவது. அப்போதும் முதலில் வேலையை நிறுத்தச் சொல்லி, கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுத்துக் கையொப்பத்துடன் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தருமபுரி அரசு அகழ்வைப்பகக் காப்பாட்சியருக்கும் சொல்லுங்கள். ஒருவரும் வராமல், எடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், கல் எந்தத் திசை பார்த்து நின்றது, மண்ணுக்குள் எத்தனை அடி இருந்தது, பக்கத்தில் வேறு கல் இருந்ததா என்பதையெல்லாம் எடுப்பதற்கு முன்பே படமெடுத்துக் குறித்துவையுங்கள். சங்கிலி கட்டி இழுக்காமல், கயிறும் வைக்கோலும் சுற்றிப் படுக்கை வாட்டத்தில் தூக்குங்கள். ‘பாதுகாப்பாக எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்’ என்று எவர் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள். 100 ஆண்டைக் கடந்த சிற்பம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், உரிமமின்றி விற்பது குற்றம்.

திருவிழாவுக்கு டைல்ஸ் ஒட்டுகிறோம் என்று கல்லின் முழங்கால் வரை சிமெண்டு பூசிவிடாதீர்கள், எழுத்தின் மேல் எனாமல் வண்ணமும் தீட்டாதீர்கள். எழுத்தைத் தெளிவாக்குகிறோம் என்று கோதுமை மாவு, சுண்ணாம்பு, கம்பித் தூரிகை, அமிலம் எதுவும் வேண்டாம். பலகையைக் கல்லில் ஒட்டாமல் பத்தடி தள்ளி நடுங்கள். அதில் கல் சொல்வது ஒரு பத்தியாகவும், ஊர்ப் பெரியவர்கள் வேடியப்பனைப் பற்றிச் சொல்லும் கதை வேறு பத்தியாகவும் இருக்கட்டும். கதையைக் கல்வெட்டுக்குள் திணிக்காதீர்கள், கல்வெட்டு வந்துவிட்டது என்பதற்காகக் கதையைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

இத்தகைய கற்களில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வருவது வழக்கமாக முதல் வரியில்தான், உங்கள் கல்லில் அந்த வரிதான் எண்ணெயில் மறைந்திருக்கிறது. பூசாரியிடம் அனுமதி கேட்டு, வெந்நீராலும் மென்மையான தூரிகையாலும் பிசுக்கை நீக்கிவிட்டு, மாலை ஐந்து மணி வாக்கில் வெயில் பக்கவாட்டில் விழும்போது, ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். மேகமூட்டமாக இருந்தால் இரவில் டார்ச் விளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து எடுங்கள்.