புது ஆண்மீன் வந்தும் பழைய குஞ்சுகளே பிறப்பது ஏன்?

பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “வீட்டுக்குப் பின்னால் இரண்டு சிமெண்ட் தொட்டிகளில் நாலைந்து வருடங்களாகக் கப்பி மீன் வளர்க்கிறேன். எல்லாம் புள்ளி போட்ட நாட்டுக் கப்பிகள். சித்திரையில் சென்னைக்குப் போனபோது, வால் முழுவதும் சிவந்த உயர்ரக ஆண்கள் மூன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தேன். பழைய ஆண்களையெல்லாம் வலைபோட்டு எடுத்துவிட்டு, இருபது பெண்மீன்களோடு இவற்றை விட்டேன். ஆவணி வந்துவிட்டது, குஞ்சுகள் அதே தொட்டியில்தான் வளர்கின்றன. நிறம் காட்டிய ஆண்குஞ்சுகளில் பெரும்பாலானவை பழைய புள்ளிக் கப்பிகளே. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? இன்னும் பத்து ஆண்களை வாங்கி விட்டால் சரியாகுமா? பழைய பெண்மீன்களை என்ன செய்வது?”

விற்றவரைச் சந்தேகிக்க உங்கள் கடிதத்தில் காரணம் எதுவும் தென்படவில்லை. நீங்கள் தொட்டியிலிருந்து வெளியேற்றியது பழைய ஆண்களை மட்டும்தான். அவற்றின் விந்து பெண்மீன்களின் உடலுக்குள் அப்படியே தங்கியிருந்தது. கப்பி முட்டையிடும் மீன் அன்று, குஞ்சு ஈனும் மீன். ஆணின் குதத்துடுப்பு நீண்டு குழல்போல் மாறி, விந்தை நேரே பெண்ணின் உடலுக்குள் சேர்க்கிறது. பெண்மீன் அதைச் சினைப்பையின் மடிப்புகளில் சேமித்து வைத்துக்கொண்டு, ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை, புதிதாக ஓர் ஆணைக் காணாமலேயே, பல மாதங்கள்வரை அடுத்தடுத்து ஈனும் வல்லமை உடையது. ஆகவே, சிவப்பு ஆண்கள் வந்தபின் பிறந்த முதல் ஈற்று முழுவதுமே பழைய ஆண்களுடையது என்று கொள்ளலாம். அதன்பின் வந்தவை கலப்பாக இருந்திருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த குஞ்சுகளுக்குள்ளேயே இரண்டு மூன்று தகப்பன்கள் இருப்பது இம்மீனில் சர்வசாதாரணம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்ததோடு போட்டி முடிந்துவிடுவதில்லை என்பதை வளர்ப்பவர்கள் பலரும் கவனிப்பதில்லை. பல ஆண்களின் விந்து ஒரே உடலுக்குள் போட்டியிடுகிறது. பொதுவாகப் புதிதாக வந்த விந்துக்கே கை ஓங்கும். அத்துடன் பெண்மீனும் சும்மா இருப்பதில்லை. தனக்குக் கவர்ச்சியாகத் தோன்றும் ஆணிடமிருந்து கூடுதலாக விந்தை ஏற்று வைத்துக்கொள்கிறது என்பது ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டது. பெண் கப்பிகளுக்குச் செம்மஞ்சள் நிறத்தின்மேல் நாட்டம் உண்டு. தொட்டியில் அரிதாகக் காணப்படும் புதுமுக ஆணை அவை கூடுதலாக விரும்புவதும் உண்டு. இப்படிப் பார்த்தால் உங்கள் சிவப்பு ஆண்களல்லவா வென்றிருக்க வேண்டும்?

வெல்லவிடாமல் தடுத்தவை இரண்டு. முதலாவது, ஏற்கெனவே விந்து நிறைந்த பெண்மீனுக்கு ஆணைத் தேட வேண்டிய அவசரம் இல்லை. கன்னிப் பெண்மீனும், ஈன்று சில நாட்களே ஆன பெண்மீனும்தான் ஆணின் ஆட்டத்துக்கு எளிதில் இணங்கும். மற்ற நாட்களில் விலகிப் போகும். இரண்டாவது, சித்திரையில் பிறந்த பழைய வம்சத்து ஆண்குஞ்சுகள் ஆனி மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிட்டன; நீங்கள் அவற்றை அதே தொட்டியில் வைத்திருந்தீர்கள். பெண்ணின் முன்னால் உடலை வளைத்து நடுக்கி ஆடிக்காட்டுவது ஆண் கையாளும் ஒரு வழி. பின்னாலிருந்து பாய்ந்து, பெண்ணின் சம்மதமின்றியே விந்தைச் செலுத்திவிட்டு ஓடுவது இன்னொரு வழி. பட்டுச்சேலை முந்தானையைப் போல் வாலை இழுத்துக்கொண்டு நீந்தும் உயர்ரக ஆணைவிட, வால் சிறுத்த, சுறுசுறுப்பான நாட்டுக் கப்பி இந்த இரண்டாம் வழியில் கெட்டிக்காரன். தகப்பன்களை வெளியேற்றிய நீங்கள் மகன்களுக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள்.

நிறம் எப்படி இறங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1920ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த உயிரியலாளர் யோஹன்னஸ் ஷ்மிட், கப்பி ஆணின் சில நிறக்குறிகள் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்குகின்றன என்று காட்டினார். அதே நாட்டின் ஓவின்ட் விங்கே அடுத்த சில ஆண்டுகளில் அவற்றை ஒய் குரோமோசோமோடு இணைத்து விளக்கினார். குரோமோசோம் என்பது மரபணுக்களைத் தாங்கும் இழை; ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும், பெண்ணுக்கு இரண்டு எக்ஸும் உண்டு. ஆனால் எல்லா நிறங்களும் ஒய்யில் இல்லை. சில எக்ஸில் உள்ளன, சில மற்றக் குரோமோசோம்களில் உள்ளன. எக்ஸில் உள்ள நிறம் சிவப்பு ஆணின் சொந்த மகனிடமும் தோன்றாது, ஏனெனில் மகன் தன் எக்ஸைத் தாயிடமிருந்து பெறுகிறான்; அது மகள்வழியாகப் பேரனிடம்தான் வெளிப்படும். பெண்மீன் சாம்பல் நிறமாகத் தெரிவதால் அதனிடம் நிற மரபணு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பல நிறங்கள் ஆண் ஹார்மோன் இருந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் இருபது பெண்மீன்களும் பழைய புள்ளிகளை மறைவாகச் சுமந்துகொண்டிருக்கின்றன.

எனவே பத்து ஆண்களை வாங்குவது வீண் செலவு, கெடுதலும்கூட. ஆண்கள் மிகுந்தால் பெண்மீன்கள் இடைவிடாத துரத்தலிலிருந்து தப்புவதிலேயே பொழுதைக் கழித்து, இரை தேடும் நேரத்தை இழக்கின்றன. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்பதே சரியான கணக்கு. உங்களுக்கு வேண்டியவை கன்னிப் பெண்மீன்கள். அதே சிவப்பு ரகத்தில் ஆணோடு சேராத இளம் பெண்மீன்கள் ஆறேழு கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. கிடைக்காவிட்டால், இனி வரும் ஈற்றுக் குஞ்சுகளைப் பிறந்த அன்றே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இல்லையேல் பெரிய மீன்களே அவற்றை விழுங்கிவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் கவனியுங்கள்: வயிற்றின் பின்பகுதியில் கரும்புள்ளி தெரிந்தால் பெண், குதத்துடுப்பு விசிறிபோல் அகலாமல் ஒடுங்கி நீளத் தொடங்கினால் ஆண். நான்கு வாரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். பத்துப் பெண்குஞ்சுகளுக்கு நடுவே ஓர் ஆண்குஞ்சு தவறிப்போய்த் தங்கினாலும் மறுபடி முதலிலிருந்துதான். பிரித்த பெண்மீன்களை இரண்டரை மூன்று மாதம் ஆனபின் சிவப்பு ஆண்களோடு சேருங்கள். அவற்றின் மகள்களில் கன்னியாகவே இருப்பவற்றை மீண்டும் சிவப்பு ஆணோடு சேர்க்கும்போது நிறம் நிலைபெறத் தொடங்கும். சித்திரையில் வாங்கிய ஆண்கள் அதற்குள் கிழடாகிவிடும் என்பதால், அந்த ரகத்தில் இளம் ஆண் ஒன்றை அப்போது வாங்கிக்கொள்வது நல்லது.

இரையைப் பற்றிச் சிறிது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் உதவும் கரோட்டினாய்டு நிறமியை மீன் தானாக உண்டாக்கிக்கொள்ளாது, உணவிலிருந்துதான் எடுக்க வேண்டும்; காட்டுக் கப்பிக்கு அது பெரும்பாலும் பாசியிலிருந்து கிடைக்கிறது. தவிடும் புண்ணாக்கும் மட்டும் போட்டால் சிவப்பு வெளிறும்; பெண்மீனின் கண்ணிலும் அந்த ஆணின் மதிப்புக் குறையும். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி கலந்த தீனி கொடுங்கள். தொட்டிச் சுவரில் படியும் பச்சைப் பாசியையும் முழுவதுமாகச் சுரண்டி எறிய வேண்டாம். திறந்த தொட்டிக்கு வலை போடுவதும் அவசியம். கரீபியத் தீவான டிரினிடாடில் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் 1976இல், கப்பியைத் தின்னும் கொடிய மீன்கள் உள்ள ஆற்றுப் பகுதியிலிருந்து கப்பிகளை எடுத்து, அத்தகைய எதிரிகள் இல்லாத ஓடையில் விட்டார்; சுமார் இரண்டே ஆண்டுகளில் அங்கே ஆண்களின் நிறம் கூடியிருந்தது. எதிரி இருக்கும் இடத்தில் மின்னும் ஆணே முதலில் இரையாகும், உங்கள் தொட்டியில் மீன்கொத்தி வந்து அமர்ந்தாலும் அப்படித்தான்.

பழைய பெண்மீன்களைக் கொல்ல வேண்டியதில்லை. கொசுப்புழுவைத் தின்னும் என்பதால், வெளியே வழிந்தோடாத தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள். மூலத்தறைக் கால்வாயிலோ சித்தூர்ப்புழையிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். விந்தைச் சேமித்து வைத்திருக்கும் ஒரே ஒரு பெண்மீன், ஆண் துணையின்றியே, அங்கே ஒரு புதுக் கூட்டத்தைத் தொடங்கிவிடும். சித்தூர்ப்புழை பாரதப்புழை ஆற்றில் போய்ச் சேர்வதால், அந்தக் கூட்டம் அங்கும் பரவக்கூடும்.