கலைஞரின் வாசலில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் என் அக்கா, அங்குள்ள ஓவியர்கள் ஆண்டுதோறும் சில வார இறுதிகளில் தம் வேலைக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பதாகவும், தாம் குடும்பத்தோடு போய்ப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். பாடசாலை விடுமுறையில் என் பிள்ளைகளையும் அப்படி எங்கேனும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நம் பக்கத்தில் இதற்கு வழி உண்டா?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: உண்டு, ஆனால் நாள் குறித்து, வரைபடம் அச்சிட்டு நடப்பதன்று. சான் பிரான்சிஸ்கோவில் 1975 முதல் நடந்துவரும் அந்த ஏற்பாட்டின் சிறப்பே, இடையில் கண்காட்சிக் கூடமோ தரகரோ இல்லாமல், வர்ணம் சிந்திய தரையில் நின்றபடி வரைந்தவரிடமே பேச முடிகிறது என்பதுதான். கொழும்பில் 1993 முதல் நடைபெறும் ‘கலா பொல’விலும் ஓவியரைச் சந்திக்கலாம். எனினும் அது சந்தை. முடிந்த படம் மட்டுமே அங்கு வரும், பாதியில் நிற்கும் படமும் பாழாய்ப்போன படமும் வீட்டிலேயே தங்கிவிடும். எனக்கோ அந்தப் பாழாய்ப்போன படத்தைப் பார்ப்பதில்தான் ஆசை அதிகம்.

கண்டியைச் சுற்றியுள்ள கைவினைக் கிராமங்கள் பலவற்றில் வீடும் வேலைக்கூடமும் ஒன்றே. நத்தரம்பொத்தையில் பித்தளை, வெள்ளி வேலை செய்வோரையும், மாத்தளைப் பக்கம் ஹபுவிதையில் நகத்தால் அரக்கை இழுத்து ஒட்டி அலங்காரம் செய்வோரையும் காணலாம். எம்பெக்கே தேவாலயம் என்னும் பழைய கோயிலின் செதுக்குத் தூண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அந்த ஊரிலேயே இன்றும் உளி பிடிப்பவரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றால், தூணில் பார்த்த அன்னம் எப்படி மரத்திலிருந்து வெளியே வருகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், கண்டிக்கு அருகே தும்பறைப் பாய் நெய்வோரிடம் போங்கள். பாய் என்றவுடன் நாம் கோரையை நினைப்போம். இதுவோ சிங்களத்தில் ‘ஹண’ எனப்படும் மருள் செடியின் நாரால் ஆனது. இலையைப் பலகையில் கிடத்திச் சதையைச் சுரண்டி எடுத்து, நாரைக் கழுவி உலர்த்தி, சிவப்புக்குப் பதிமுகம், மஞ்சளுக்கு மரமஞ்சள் என்று சாயம் தோய்த்து, அதன் பிறகே தறிக்கு வருகிறார்கள். யானையும் மானும் பறவையும் கோணல்மாணல் இல்லாமல் கோட்டுருவங்களாகப் பாயில் விழுவதை அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். இக்கைவினை 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு நூறாண்டுக்கும் மேலாக முன்பே, கனிப்பொருள் ஆய்வுக்காக நாடெங்கும் அலைந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிப் பகுதிக் கைவினைஞர்களின் வேலையைக் கூர்ந்து பார்த்துக் குறித்துவைத்து, 1908இல் பெருநூலாக வெளியிட்டார். அவரும் நம்மைப்போல் வாசலில் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

போகும் முன் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டுவிடுங்கள், காலையில் போங்கள். பிள்ளைகளிடம் “இது என்ன விலை?” என்று தொடங்காமல், “இதற்கு முதலில் என்ன செய்வீர்கள்?” என்று தொடங்கச் சொல்லுங்கள். சிங்களம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். கையில் வேலை இருப்பவர் கையாலேயே காட்டிவிடுவார்.

கேள்வி: ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவது மரியாதைக் குறைவா? வாங்கினால் பேரம் பேசலாமா?
– ஒரு வாசகர், மாத்தளை

பதில்: வாங்கியே ஆகவேண்டும் என்ற கடன் இல்லை. வேலையை நிறுத்தி உங்களோடு பேசியவருக்கு உங்கள் கவனமே முதல் மரியாதை. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவதுதான் அவமதிப்பு.

பேரம் வேறு விடயம். கண்டி நகரக் கடைகளில் பேசிப் பழகிய நாக்கு, கிராமத்திலும் பாதி விலையில்தான் தொடங்கும். கடைக்காரர் அந்தப் பாதியையும் எதிர்பார்த்து விலை வைத்திருப்பார். பாயை நெய்தவரோ தம் நாட்களை எண்ணி விலை வைத்திருப்பார். எத்தனை நாள் வேலை என்று கேட்டு, சொன்ன விலையை அந்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகை ஒரு நாள் கூலியைவிடக் குறைவாக இருந்தால், பேரம் பேச வாய் வராது. பணம் போதவில்லையென்றால் சிறிய பொருளொன்றை முழு விலைக்கு வாங்குவதே அழகு. தரகுப் பணம் எதிர்பார்க்கும் வழிகாட்டியோடு போனால் அந்தத் தரகும் விலையில் ஏறும் என்பதால், பஸ்ஸில் போய் இறங்கி ஊராரிடம் வழி கேளுங்கள்.

கேள்வி: ஓவியர் வீட்டில் படங்களைப் புகைப்படம் எடுத்து முகநூலில் போடலாமா?
– ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: கேட்டுவிட்டு எடுங்கள், பெயரோடு போடுங்கள். வரைந்து முடிக்காத படத்தை மட்டும் எடுக்க வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் பிறந்து, இன்னும் லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீட்டிலேயே) இருந்து ஓவியம் வரைகிறேன். என் படங்களைப் பார்க்க நாலுபேரை அழைக்க ஆசை; ஆனால் 10 அடிக்கு 12 அடி அறையில் அவர்களை எங்கே நிறுத்துவேன்? வெட்கமாகவும் இருக்கிறது.
– ஓர் இளைஞர், தலவாக்கலை

பதில்: தம்பி, கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கான அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த கட்டடம் லயம்தான். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்க் கறையையும் தேயிலை சார்ந்த பொருள்களையும் தம் படைப்புக்கு ஊடகமாக்கியவர். நீங்கள் மறைக்க நினைக்கும் இடத்தைத்தான் வருபவர் பார்க்க விரும்புவார். ஆனால் வீட்டாருக்குச் சம்மதமா என்பதை முதலில் கேளுங்கள். அறை உங்களுடையது மட்டுமன்று.

படங்களை இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், மாட்டுங்கள். அறைக்குள் நீங்கள் வரையும் மூலையை மட்டும் காட்டினால் போதும். ஒரு தடவையில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையைத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட்டால், வந்தவருக்கும் உங்களுக்கும் அந்தச் சங்கடமான பேச்சு தேவைப்படாது. வெளியாள் வருவதைத் தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நாள் தேர்வில் கவனமாயிருங்கள். மே மாதத்துக்குப் பின் உங்கள் பக்கம் மழை விடாது. ஈரத்தில் தாளும் நனையும், வருபவரும் வழுக்கி விழுவார். மாசி மாதம் பொருத்தமானது. உங்கள் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்குமானால் அதையொட்டி இரண்டு நாட்கள் வையுங்கள். கூத்துக்கு மணிமுடியும் அணிகலனும் செய்பவரையும், தப்புப் பறைக்குத் தோல் கட்டுபவரையும் அந்த இஸ்தோப்பிலேயே உங்கள் படங்களுக்கு அருகில் உட்காரச் சொல்லுங்கள். அவர்களும் கலைஞர்கள் என்று யாரும் இதுவரை அவர்களிடம் சொல்லாமல் இருந்திருக்கக்கூடும். தப்பைக் காய்ச்ச நெருப்பு மூட்டுவார்கள் என்பதால், படங்களை அந்தப் பக்கம் மாட்ட வேண்டாம்.